வாடகைக்கு வந்த மரியோ

தொண்ணூறுகளின் பிள்ளைகள் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் தலைமுறையின் நினைவுப் பதிவுகளில் தவறாமல் வரும் படம் ஒன்று உண்டு. மஞ்சள் நிற வீடியோ கேம் கேசட். அதன்மேல் ‘9999 இன் 1’ என்ற அச்சு. அருகில் சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, வயர் சுற்றப்பட்ட இரண்டு கன்ட்ரோலர்கள். கீழே ஒரு கேள்வி: இது உங்கள் வீட்டில் இருந்ததா? பின்னூட்டங்களில் உடனே கைகள் உயர்கின்றன. மரியோ, காண்ட்ரா, வாத்துச் சுடும் துப்பாக்கி, ஊதினால் உயிர்பெறும் கேசட். பதிவு கோவையிலிருந்து வந்தாலும் கொழும்பிலிருந்து வந்தாலும் மும்பை செம்பூரிலிருந்து வந்தாலும் பட்டியல் அதேதான்.

பட்டியலில் பிழை ஏதுமில்லை. பிழை கேள்வியில் இருக்கிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மும்பைத் தமிழர் பகுதிகளிலும், அங்கிருந்து பிற்பாடு கழிமுகம் தாண்டிக் குடிபெயர்ந்தோர் வாழும் ஐரோலியிலும் இந்த விளையாட்டுகளை நினைவில் வைத்திருப்போர் பலருடைய வீட்டில் அந்தப் பெட்டி இருந்ததே இல்லை. மணிக் கணக்கில் காசு கொடுத்துக் கடையில் ஆடியவர்கள் அவர்கள். வசதியுள்ள நண்பன் வீட்டு வாசலில் காத்திருந்து ஆடியவர்களும் உண்டு. ஆடாமலே, ஆடுபவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே முழு ஆட்டத்தையும் மனப்பாடம் செய்தவர்களும் உண்டு. ‘இருந்ததா?’ என்ற கேள்வி இவர்களை ‘ஆம்’ என்று பொய் சொல்ல வைக்கிறது, அல்லது ‘இல்லை’ என்று விலகிப்போகச் செய்கிறது. இரண்டினாலும் இழப்பு ஒன்றே. இந்தியச் சிறாரின் முதல் கணினி அனுபவம் எந்தப் பொருளாதாரத்துக்குள் நிகழ்ந்தது என்ற செய்தி பதிவாகாமல் போகிறது. வெறும் நினைவேக்கமாகக் கடந்துபோகக்கூடிய விஷயமன்று இது; ஆய்வுத்துறை எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி.

நிண்டெண்டோவின் ஃபாமிகாம் ஜப்பானில் 1983 ஜூலையில் வெளிவந்தது. அதுவே 1985இல் என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்கா சென்றபோது அதனுள் ஒரு பூட்டுச் சில்லு சேர்க்கப்பட்டது. நிறுவனத்தின் ஒப்புதல் பெறாத கேசட்டை அந்தப் பெட்டி ஏற்காது. ஜப்பானியப் பெட்டியில் அந்தப் பூட்டு கிடையாது. தைவானிலும் ஹாங்காங்கிலும், பின்னர் சீனப் பெருநிலத்திலும் நகலெடுத்தோர் கைக்கொண்டது பூட்டில்லாத அந்த 60 பின் அமைப்பையே. நிண்டெண்டோ தன் அமெரிக்கச் சந்தையைக் காக்க எடுத்த முடிவு ஒன்று, அந்தச் சந்தையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தாராவிச் சிறுவனின் கைக்கு எந்தக் கேசட் வரும் என்பதைத் தீர்மானித்தது.

இந்தியாவின் நிலையும் இதற்குத் துணைபோனது. நுகர்பொருள் இறக்குமதிக்கு அன்று கடும் தடை. 1991 ஜூலையில் தாராளமயம் தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்லப்பட்டாலும், நுகர்பொருள்கள் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் முற்றாக நீங்கியது 2001 ஏப்ரலில்தான். இடைப்பட்ட பத்தாண்டுதான் இந்த நினைவுகள் விளைந்த பத்தாண்டு. உரிமம் பெற்று உள்நாட்டில் பாகங்களைப் பூட்டி விற்கப்பட்ட ‘சாமுராய்’ பெட்டி ஒருபுறம் இருந்தது. 1995இல் ஷா வாலஸ் நிறுவனத்தின் வழியாகச் சேகாவின் மெகா டிரைவ் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 18,000 ரூபாய். ஆலைத் தொழிலாளியோ தோல் பதனிடுபவரோ மாநகராட்சிப் பணியாளரோ அந்த விலையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கலாம், அவ்வளவே. அந்த இடைவெளியில்தான் ‘மீடியா’, ‘லிட்டில் மாஸ்டர்’, ‘டெர்மினேட்டர்’ என்ற பெயர்களில் நகல் பெட்டிகள் வந்தன. வளைகுடாவிலிருந்து திரும்பியவர் பெட்டியிலும் மனிஷ் மார்க்கெட்டிலும் ஹீரா பன்னாவிலும் கிடைத்தவை சில. லாமிங்டன் சாலைக் கடைகளிலிருந்து பரவியவை பல. சென்னைக்குப் பர்மா பஜார் எப்படியோ, மும்பைக்கு இவை அப்படி.

இந்த நகல்களைப் பற்றிப் பேசும்போது படித்தவர் குரலில் ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. ‘அசல் இல்லை, டூப்ளிகேட்’ என்று சிரித்தபடி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கூச்சமே ஆய்வுக்குத் தடை. நகலென்பது அசலின் குறைப்பட்ட வடிவம் என்று எண்ணினால், நகலில் மட்டுமே இருந்தவை கண்ணில் படாது.

ஒரு சான்று. ஜப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையை வரைவது. இந்தியாவின் பால் முறைத் தொலைக்காட்சி 50 முறை. ஃபாமிகாம் ஆட்டங்கள் பெரும்பாலும் திரையின் துடிப்பையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை. பால் முறைக்கென உருவான நகல் பெட்டிகளில் அதே ஆட்டம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. செயலியின் வேகம் ஜப்பானியப் பெட்டிக்கு மிக அருகில் வைக்கப்பட்டிருந்ததால், கோஜி கோண்டோ அமைத்த மரியோ இசையின் சுருதி கிட்டத்தட்ட அப்படியே நிற்க, காலப்பிரமாணம் மட்டும் தளர்ந்தது. மாட்டுங்காவில் சங்கீதம் கற்ற பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை: அதே ராகம், அதே ஆதார சுருதி, ஒரு படி கீழே இறங்கிய காலம். 2016இல் நிண்டெண்டோ தன் பழைய பெட்டியின் சிறு வடிவத்தை வெளியிட்டபோது அதிலிருந்தவை 60 முறை துடிக்கும் பதிப்புகள். அதை ஆடிப் பார்த்து ‘மரியோ ஏனோ அவசரப்படுகிறான்’ என்று தோன்றும் இந்தியருக்கு நினைவு பிசகவில்லை. அவர் ஆடியது உண்மையிலேயே வேறொரு மரியோ. அந்த மரியோவுக்கு எந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலும் இடமில்லை.

அடுத்து, ‘9999 இன் 1’. இந்த எண்ணை எல்லோரும் நகைச்சுவையாகவே நினைவுகூர்கிறார்கள். பட்டியலில் பத்துப் பக்கம் தள்ளினாலும் வருவது அதே ஆட்டங்கள்தாம். பெயர் மாறும், தொடங்கும் நிலை மாறும், உயிர்களின் எண்ணிக்கை மாறும். ஏமாற்று வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் எவை இருந்தன என்று பார்த்தால் வேறொன்று தெரியவரும். சூப்பர் மரியோவின் மொத்த அளவு 40 கிலோபைட். 1983க்கும் 1986க்கும் இடையில் வந்த பெரும்பாலான ஆட்டங்கள் அந்த அளவுக்குள் அடங்குபவை, கேசட்டினுள் கூடுதல் சில்லு எதையும் கேளாதவை. பல ஆட்டங்களை ஒரே கேசட்டில் அடைக்க விரும்பியவனுக்கு அவையே வசதி. ஜப்பானில் 1986இல் வந்து பெரும்புகழ் பெற்ற ‘டிராகன் குவெஸ்ட்’ போன்ற கதை ஆட்டங்களை இந்தியச் சிறார் அறியவே இல்லை. அவற்றை ஆட ஜப்பானிய எழுத்து தெரிய வேண்டும். விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர வேண்டும். வாரக்கணக்கில் நேரம் வேண்டும்.

நேரம் என்பதுதான் இங்கே மையச் சொல். வீடியோ கேம் பார்லரில் விற்கப்பட்ட சரக்கு நேரம். ஒரு சிறு அறை, இரண்டோ மூன்றோ தொலைக்காட்சிப் பெட்டிகள், தரையில் பாய் அல்லது பெஞ்சு, சுவரில் கடிகாரம், அதன் கீழே கடைக்காரர். அரை மணிக்கு இவ்வளவு, ஒரு மணிக்கு இவ்வளவு. அதே தெருவில் காசு போடும் இயந்திரமும் இருந்திருக்கும்; அதன் கணக்கு நேர்மாறானது. காசு இயந்திரத்தில் விற்கப்படுவது உயிர். திறமையுள்ளவன் ஒரே நாணயத்தில் நெடுநேரம் நிற்பான். கடைக்காரருக்கு அவன் நட்டம். மணி வாடகைக் கடையில் திறமையால் நேரம் நீளாது. சிறந்த ஆட்டக்காரனுக்கும் முதல்நாள் வந்தவனுக்கும் முள் ஒரே வேகத்தில்தான் நகரும். ஆகவே காசை மிச்சப்படுத்த ஒரே வழி, இரண்டு பேர் சேர்ந்து ஒரு மணியை வாங்குவது. இருவர் ஒரே சமயத்தில் ஆடக்கூடிய ஆட்டத்தில் அந்தக் காசு இருவருக்கும் முழுதாகப் பயன்படும். ஒருவர் மாற்றி ஒருவர் ஆடும் மரியோவில் பாதி நேரம் ஒருவன் சும்மா இருக்க வேண்டும். காண்ட்ராவுக்கும், நாம்கோவின் ‘பேட்டில் சிட்டி’ என்ற டாங்கி ஆட்டத்துக்கும் இந்நகரின் நினைவில் இவ்வளவு பெரிய இடம் கிடைத்ததற்குச் சுவை மட்டும் காரணமாகாது. பங்குபோட்ட ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் அவற்றைத் தேர்ந்தெடுத்தன.

இலக்கியத்தில் ஒரு மரபுத்தொகுதி எப்படி உருவாகிறது என்று தமிழ் ஆய்வுலகம் நிறையவே பேசியிருக்கிறது. எந்த நூல் ஏட்டில் தங்கியது, எது அச்சேறியது, எது பாடத்திட்டத்தில் நுழைந்தது என்ற கேள்விகள் பழக்கமானவை. இந்தியச் சிறாரின் ஆட்டத் தொகுதி 40 கிலோபைட்டாலும் கடைச் சுவரின் கடிகாரத்தாலும் உருவானது. இதைக் கேட்டுப் புன்னகைப்பவர்கள், ஓலையின் நீளம் செய்யுளின் வடிவத்தோடு கொண்ட உறவைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களை நினைத்துக்கொள்வது நலம்.

வீட்டில் பெட்டி இருந்த குடும்பங்களிலும் நேரமே சிக்கல். பெட்டி வாங்கலாம்; அதற்கென்று தனித் தொலைக்காட்சி வாங்க முடியுமா? ஒரே அறையும் ஒரே தொலைக்காட்சியும் உள்ள வீட்டில் அதன் முன் உட்காரும் உரிமைக்கு வரிசை இருந்தது. 1993 ஏப்ரலில் சன் டிவி தொடங்கி, கேபிள் வழியாகத் தமிழ் ஒலி மும்பை வீடுகளுக்குள் வந்தபின் போட்டி இன்னும் கூடியது. ஊரைவிட்டு வந்து ஆண்டுக்கணக்கில் இந்திச் செய்தியும் மராத்தி நிகழ்ச்சியும் பார்த்துச் சலித்த அம்மாவுக்குத் தமிழ்ப் படம் முக்கியமா, மகனுக்கு மரியோ முக்கியமா? விடை தெரிந்ததே. ‘அதிகம் ஆடினால் பிக்சர் டியூப் போய்விடும்’ என்ற எச்சரிக்கை அக்காலத்துப் பெற்றோர் அனைவரும் ஒரே பள்ளியில் கற்றதுபோல ஒலித்தது. அசையாப் படம் நெடுநேரம் நின்றால் குழாயில் தழும்பு விழும் என்பது உண்மை. ஓடிக்கொண்டே இருக்கும் மரியோவால் அது நிகழ்வது அரிது. அந்த எச்சரிக்கை தொழில்நுட்பம் சார்ந்ததன்று, நேரப் பங்கீடு சார்ந்தது என்று படிப்பதே பொருத்தம்.

இன்னொரு பங்கீடும் உண்டு. அது இன்னும் குறைவாகப் பேசப்படுவது. பார்லர் பையன்களின் இடம். பெண்பிள்ளைகள் அங்கே நுழைவது எளிதாக இருக்கவில்லை. நுழைந்த சிலரும் அண்ணனோடு போனவர்களே. அவர்களுக்கு வாய்ப்பு வீட்டுப் பெட்டியில்தான். வீட்டிலும் அவர்கள் கைக்கு வந்தது இரண்டாவது கன்ட்ரோலர். ஃபாமிகாமின் இரண்டாவது கன்ட்ரோலரில் ஸ்டார்ட், செலக்ட் என்ற இரண்டு பொத்தான்களும் கிடையா. நகல்கள் பலவும் அதையே பின்பற்றின. அதாவது ஆட்டத்தைத் தொடங்கவோ நிறுத்தவோ, எதை ஆடுவது என்று தேர்ந்தெடுக்கவோ அதை வைத்திருப்பவரால் இயலாது. மரியோவிலோ முதல் ஆட்டக்காரன் செத்தால்தான் இரண்டாமவரின் லூய்ஜி திரைக்கு வருவான். ஜப்பானிய வடிவமைப்பாளர் இந்திய வீட்டின் அண்ணன் தங்கை உறவை எண்ணி அதைச் செய்யவில்லைதான். ஆனால் அந்த உறவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அது பொருந்திவிட்டது. அண்ணன் எப்போது சாவான் என்று திரையைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருந்த தங்கையின் நினைவுகள் ‘கைதூக்குங்கள்’ பதிவுகளில் எங்கே?

வாய்மொழி வழக்காற்றை ஆய்பவர்களுக்கு இங்கே ஒரு வயலே திறந்து கிடக்கிறது. காண்ட்ராவில் 30 உயிர் பெறும் வித்தையை எடுத்துக்கொள்ளலாம். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. கோனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ, 1986இல் ‘கிரேடியஸ்’ ஆட்டத்தைச் சோதிக்கும்போது அது தமக்கே கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. 1988இல் வீட்டுப் பெட்டிக்கு வந்த காண்ட்ராவில் மீண்டும் பயன்பட்டது. அமெரிக்கச் சிறாருக்கு அதை விளையாட்டு இதழ்கள் அச்சிட்டுத் தந்தன. தாராவியின் 90 அடி சாலைக்கு அத்தகைய இதழ் எதுவும் வரவில்லை. யாரோ ஒருவன் சொல்லி இன்னொருவன் கேட்டு, வாய்பாடு போல ஒப்பித்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்புக்குறிகளாக வரைந்து பரவியது அது. பாடபேதங்களும் இருந்தன. ஸ்டார்ட் அழுத்துமுன் செலக்ட் அழுத்த வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் இரு கட்சி. இருவர் ஆடுவதற்கு செலக்ட் தேவை, தனியாளுக்குத் தேவையில்லை என்பதே உண்மை. ஆக இரு கட்சியும் சரி.

ஆட்டங்களின் பெயர்களும் அவ்வாறே. கேப்காம் 1993இல் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ இந்தியத் தெருக்களில் ‘முஸ்தபா’ ஆகிவிட்டது, அதில் வரும் ஒரு வீரனின் பெயரால். மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கரின் சித்திரக்கதையிலிருந்து பிறந்த ஆட்டம், ஒரு துணைப் பாத்திரத்தின் பெயரில் இங்கே மறுபிறவி எடுத்தது. 1996இல் ‘காதல் தேசம்’ வந்தபின் அந்தப் பெயரைப் பாடாமல் சொல்வதே தமிழ்ப் பையன்களுக்குக் கடினமாகியிருக்கும்.

மொழியைப் பற்றிய மற்றொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். மும்பை மொழியால் ஆட்களைப் பிரித்தறியும் நகரம். தென்னிந்தியர்க்கு எதிரான அறுபதுகளின் அரசியல் தமிழ்க் குடும்பங்களின் நினைவில் நெடுநாள் தங்கியிருந்தது. பள்ளியிலேயே பிரிவு தொடங்கிவிடும்: மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழி, மராத்தி வழி, இந்தி வழி, உருது வழி, வசதியுள்ளோருக்கு ஆங்கில வழி. யார் எந்தப் பள்ளி என்பதே யார் எந்தச் சாதி, எந்த வருவாய் என்பதன் சுருக்கம். பார்லரில் ஆடவோ திரையில் தெரிந்த எழுத்தைப் படிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஆங்கில வழிப் பையனுக்கும் தமிழ் வழிப் பையனுக்கும் அதில் பெரிய வேறுபாடில்லை. அந்த அறையில் மதிப்பு, எழுத்தைப் படித்தவனுக்கு இல்லை. எந்த வரிசையை அழுத்தினால் என்ன வரும் என்று அறிந்தவனுக்கு. இதை ஒரு சமத்துவக் கனவாக ஊதிப் பெருக்க வேண்டியதில்லை. கையில் காசில்லாதவனுக்கு அங்கும் நிற்கும் இடம்தான், உட்காரும் இடமில்லை. ஆனாலும் அந்நகரில் மொழித் தகுதி செல்லாத அறைகள் மிகச் சிலவே, அவற்றுள் இதுவும் ஒன்று.

ஐரோலியின் கதை சற்று வேறு. 1970இல் அமைக்கப்பட்ட சிட்கோ, தாணே கழிமுகத்தின் கிழக்குக் கரையில் உருவாக்கிய நவி மும்பையின் வடபகுதி அது. முலுண்டிலிருந்து பாலம் வந்தது 1999இல். தாணே–வாஷி பயணிகள் ரயில் 2004இல். அதற்கு முன் அங்கே குடிவந்தவர்களுக்குப் பழைய தெரு மிகத் தொலைவு. செம்பூரிலோ தாராவியிலோ ஒற்றை அறையிலிருந்து வந்த குடும்பத்துக்கு இங்கே செக்டர் எண்ணும் தனிக் கதவும் கிடைத்தன. பெட்டி வாங்கவும் முடிந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் நகல்களின் விலையும் இறங்கியிருந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் நின்று ‘இப்போ குதி, இப்போ குதி’ என்று கத்திய கூட்டம் இந்த வீட்டுக்குள் வரவில்லை. உடைமை வந்தது, பார்வையாளர் போயினர். கேபிளும் வாடகைக் கடையும் இல்லாத மாலைகளில், பேட்டரியில் ஓடும் கையடக்கச் செங்கல் ஆட்டம் துணை. மாஸ்கோவில் 1984இல் அலெக்சி பஜித்னோவ் எழுதிய டெட்ரிஸின் பெயரற்ற வாரிசு அது. நடைபாதைக் கடைகளில் கிடைத்தது, தொலைக்காட்சியையே கேட்காதது, ஆகவே யாரோடும் சண்டையும் இல்லாதது.

அதே ஐரோலியில் இன்று மைண்ட்ஸ்பேஸ் வளாகம் நிற்கிறது. அதன் கண்ணாடிக் கட்டடங்களில் மென்பொருள் வேலை பார்ப்போரில் அந்தத் தலைமுறையினர் உண்டு. நினைவேக்கப் பதிவுகளை எழுதுவோர் பெரும்பாலும் இத்தகைய இடங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் என்று கொள்வதில் தவறிருக்காது. ‘உங்கள் வீட்டில் இருந்ததா?’ என்ற கேள்வி அவர்கள் வந்துசேர்ந்த இடத்தின் மொழி. புறப்பட்ட இடத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தமே இருந்திருக்காது. அங்கே கேட்கப்பட்டது ‘இன்னும் எத்தனை நிமிஷம் பாக்கி?’

இது ஆய்வுக்குரிய பொருள்தானா என்று கேட்கும் பேராசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடை சொல்ல முன்னோடிகள் உண்டு. தில்லியின் நகல் பண்பாட்டைப் பற்றி ரவி சுந்தரம் ‘பைரேட் மாடர்னிட்டி’ எழுதினார். இந்தியத் துணைக்கண்டத்தின் வீடியோ கேம்களைப் பற்றிச் சௌவிக் முகர்ஜி தனி நூலே எழுதியிருக்கிறார். செக்கோஸ்லோவாக்கியாவின் ஆட்டப் பண்பாட்டை யாரோஸ்லாவ் ஷ்வெல்க் 2018இல் நூலாக்கினார். ரஷ்யாவில் 1992இல் வந்த ‘டெண்டி’யும் போலந்தின் ‘பெகாசஸ்’ஸும் இதே ஃபாமிகாம் நகல்கள்தாம், அந்நாட்டினர் அவற்றைத் தம் தொழில்நுட்ப வரலாற்றின் பகுதியாக வெட்கமின்றிப் பேசுகிறார்கள். மும்பைத் தமிழர் குறித்த ஆய்வுகளோ புலப்பெயர்வு, சங்கங்கள், அரசியல், சினிமா ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. பிள்ளைகளின் மாலைநேரம் அவற்றுள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று சந்தையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. உரிமையாளர் உள்ள, ஒழுங்காக வெளியிடப்பட்ட ஆட்டங்களின் நிலை அது. உரிமையாளரே இல்லாத நகல்களைக் கணக்கிட யார் முன்வருவார்? அவற்றுள் இருந்த சில்லு ஒரு கரிய பிசின் சொட்டுக்கடியில் மூடப்பட்டது; பழுதானால் மாற்ற இயலாது, தூக்கிப்போட வேண்டியதுதான். எஞ்சிய பெட்டியொன்று ஐரோலி வீட்டுப் பரணில் கிடைத்தாலும் அதை முழுமையாக இயக்கிவிட முடியாது. வாத்துச் சுடும் துப்பாக்கி, பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் மட்டுமே வேலை செய்வது. விசையை இழுத்தவுடன் திரை ஒரு கணம் கருத்து, வாத்து இருந்த இடம் வெள்ளைக் கட்டமாக ஒளிரும். அந்த ஒளி துப்பாக்கிக் குழலுக்குள் விழுகிறதா என்பதே சோதனை. இன்றைய தட்டைத் திரையில் படம் சற்றுத் தாமதித்து வருவதால் வாத்து சாகாது. ஆகவே காப்பகம் வைக்க நினைப்பவர் தொலைக்காட்சியையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

பொருள்களைவிட விரைவாக மறைந்துகொண்டிருப்பவை இடங்கள். தாராவியின் மறுசீரமைப்பு ஒப்பந்தம் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குச் சென்றது. அறிவிக்கப்பட்ட விதிப்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்போருக்குத் தாராவிக்குள் இலவச வீடு. மேல்தளத்தினரும் பின்வந்தோரும் வேறிடங்களுக்கு. இந்த நியாய அநியாயம் தனியாகப் பேசப்பட வேண்டிய பெரிய பொருள். இங்கே சொல்ல வேண்டியது ஒன்றே: கதவுக்குக் கதவு எண்ணிடும் அந்தக் கணக்கெடுப்பு, அந்தக் கதவுக்குப் பின்னால் 1994இல் என்ன கடை நடந்தது என்று கேட்காது. பார்லர்கள் பல ஏற்கெனவே சைபர் கஃபேயாகி, பின் மொபைல் ரீசார்ஜ் கடையாகி, இன்று வேறொன்றாகிவிட்டன. பெட்டிகளின் மேலோடுகள், பிளாஸ்டிக்கை அரைத்து மறுசுழற்சி செய்யும் 13ஆம் காம்பவுண்டில் எப்போதோ துகளாகியிருக்கக்கூடும்.

செய்யக்கூடிய வேலை பெரிதொன்றுமில்லை. ஒரு முதுகலை மாணவர் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கிவிடலாம். கேசட் ஒட்டுத்தாள்கள், கடை விளம்பரத் துண்டுகள், உத்தரவாதச் சீட்டுகள் ஆகியவற்றை ரோஜா முத்தையா நூலகம் போன்ற நிறுவனம் சிறு அச்சுப்பொருளாக ஏற்றுப் பாதுகாக்க இயலும். பழைய திரைப்படப் பாட்டுப் புத்தகங்களுக்கு அத்தகைய இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் முதலில் போக வேண்டியது கடை நடத்தியவர்களிடமும் பழுதுபார்த்தவர்களிடமும். அவர்களுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேலிருக்கும். ‘எந்த ஆட்டம் பிடிக்கும்?’ என்று அவர்களைக் கேட்பதில் பயனில்லை. அவர்கள் ஆடியிருக்க மாட்டார்கள். வாடகை எவ்வளவு, எப்போது உயர்ந்தது, தேர்வு மாதத்தில் கடை என்னவாயிற்று, கரன்ட் போனால் மீதி நிமிடத்தை எப்படிக் கணக்கிட்டீர்கள், கடன் சொல்லி ஆடியவன் யார், பெண்பிள்ளைகள் யாராவது வந்தார்களா, எந்தக் கேசட் அடிக்கடி திருடுபோயிற்று என்று கேட்க வேண்டும். கன்ட்ரோலருக்குள் பொத்தானுக்கடியில் ஒரு கரிய ரப்பர்த் துண்டு இருக்கும். அழுத்தி அழுத்தி அது தேய்ந்துபோகும். எந்த ஆட்டம் எத்தனை மணி நேரம் ஆடப்பட்டது என்பதற்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே பதிவு, எந்தப் பொத்தானின் ரப்பரை அடிக்கடி மாற்றினார் என்று பழுதுபார்த்தவருக்கு இருக்கும் ஞாபகம்தான்.